சைகோனுக்கு ஓடாத பேங்க்காரர்

எங்கள் குடும்பத்தில் பணம் தொலைந்த கதை ஒன்று உண்டு. என் அப்பாவுடைய தாத்தா காலத்தில், முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னால், புதுச்சேரியில் ஒரு சின்ன பேங்க் இருந்தது. முதலாளி ஒரே ஆள், எங்களைப் போலவே கிறிஸ்தவர். ஊரார் போட்ட பணத்தை வேர்க்கடலை ஏற்றுமதி செய்யும் வியாபாரிகளுக்குக் கடன் கொடுப்பார். கடலை மூட்டை கப்பலேறி பிரான்சுக்குப் போகும், பணம் திரும்பி வரும், போட்டவர்களுக்கு வட்டி கிடைக்கும். ஒரு வருஷம் பெரிய வியாபாரி ஒருவர் நொடித்துப்போக, பேங்கும் கூடவே படுத்துவிட்டது. அப்பாவின் தாத்தாவும் அவருடைய தம்பியும் நிலம் விற்ற பணத்தை அண்ணன் பெயரில் அங்கேதான் போட்டிருந்தார்கள். அத்தனையும் போச்சு. பேங்க்காரர் மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டு வியட்நாமில் இருக்கிற சைகோனுக்கு ஓடிவிட்டார். கதை இவ்வளவுதான்.

இதில் எட்டு வயதிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். சைகோனுக்கு ஓடிப்போனவரின் கல்லறை எப்படி எங்கள் ஊரில் இருக்கிறது?

இருந்ததே. கல்லறைத் திருநாளன்று எங்கள் ஆட்களின் கல்லறைகளைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி முடித்ததும், அப்பா மதில் ஓரமாக இருக்கும் ஒரு கல்லறைக்குப் போய் ஒரே ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். கல்லில் பெயர் பாதி தேய்ந்திருக்கும். "யாருப்பா இது?" என்றால், "பேங்க்காரர்" என்பார். "நம்ம பணத்தைத் தின்னவரா?" என்றால், "வழக்கம்மா, கேள்வி கேக்காத" என்பார். கேள்வி கேட்காதே என்று என்னிடம் சொன்னால் விளங்குமா? நான் மின்துறை ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள். எதிர் டேபிளில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதுகூடத் தெரியாமல் எனக்குப் பொழுது போகாது.

எங்களோடு கல்லறைக்கு வருகிறவர்களில் ஒரு தம்பியும் உண்டு. கூடப்பிறந்தவன் இல்லை, பங்காளி. பணத்தில் பங்கு வைத்திருந்தாரே அந்தத் தம்பி, அவருடைய கொள்ளுப்பேரன். தட்டாஞ்சாவடியில் சின்னதாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். இன்னும் வாடகை வீடுதான். அப்பா குனிந்து மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் பின்னால் நின்றுகொண்டு அவன் ஒன்று சொல்லுவான்.

"திருட்டுப் பையனுக்கு மெழுகுவத்தி ஒண்ணுதான் கொறச்சலு."

சைகோன் சந்தேகத்தை அவனிடமும் கேட்டிருக்கிறேன். "அங்க நல்லா சம்பாரிச்சிட்டு, சாவ மட்டும் இங்க வந்துருப்பான்" என்றான். எனக்கு அது செரிக்கவில்லை. அவ்வளவு சம்பாதித்தவருக்கு இவ்வளவு சின்னக் கல்லா?

போன வருஷம் எங்கள் சர்ச்சில், பங்குக் கோயில் என்போம், ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். உரிமை கோர ஆளில்லாத பழைய கல்லறைகளை எடுத்துவிட்டு இடத்தை வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள். யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கல்லறை தப்பும். பட்டியலில் பேங்க்காரர் பெயரும் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சும்மா செய்தியாகத்தான் சொன்னேன். எண்பத்தாறு வயது மனுஷர், கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அத வுடக்கூடாதும்மா" என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. பணத்தைத் தின்றவனுக்காக எவராவது பட்டினி கிடப்பார்களா? நேரே பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த கணக்கரிடம் பழைய அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுல எல்லாம் பிரெஞ்சுலதாங்க இருக்கும்."

"நான் படிச்ச ஸ்கூல்ல அதத்தான் அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்தாங்க. எடுங்க."

தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். மூன்று நாள் போய் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். தும்மல் வேறு. மூன்றாம் நாள் கிடைத்தது. பேங்க்காரரின் பெயர், வயது, நோய். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இறந்த இடம், தரும ஆஸ்பத்திரி. சைகோனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்குக் கீழே, கல்லறை இடத்துக்கும் கல்லுக்கும் பணம் கட்டியவர் என்று ஒரு பெயர். அதை நான் நாலு தடவை படித்தேன். அப்பாவுடைய தாத்தாவின் பெயர். எங்கள் முதலியார்பேட்டை வீட்டு விலாசத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மொத்தப் பணத்தையும் பறிகொடுத்த மனுஷன், பறிச்சவருக்குக் கல்லறை வாங்கிக் குடுப்பாராப்பா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "அவரு பறிக்கல" என்றார்.

பேங்க் மூடி நாலு வருஷம் கழித்து ஒருநாள் பேங்க்காரர் நடந்தே அப்பாவின் தாத்தாவைத் தேடி வந்திருக்கிறார். சொந்த வீட்டை விற்று, பணம் போட்டவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கணக்கு அண்ணனான அவர் பெயரில் இருந்ததால் அவர் கையில் முழுப் பணத்தையும் கொடுத்திருக்கிறார். அண்ணன் தம்பியிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியின் நகையை விற்றதாகக் கதை கட்டிவிட்டு, அந்தப் பணத்தில் நாங்கள் இன்றைக்கும் குடியிருக்கிற வீட்டை வாங்கினார்.

"ஊர்ல மத்தவங்க சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"வாங்கினவன் எவனும் வாயத் தொறக்கல. கெடைக்காதவன்தான் சைகோனுக்கு ஓடிட்டான்னு சத்தம் போட்டான். அந்தாளு கைல காசு தீந்துபோச்சு, எல்லாருக்கும் குடுக்க முடியல. அதனால திருடன்னு பேரு நின்னுபோச்சு."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"தாத்தாதான், சாவறதுக்கு முன்னாடி. புள்ளைங்க கிட்ட சொல்லாம என்னக் கூப்ட்டு சொன்னாரு. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. சின்னப் பையன், மறந்துடுவான்னு நெனச்சாரோ இன்னாவோ."

எனக்குக் கோபம் வந்தது. தாத்தா மேல் இல்லை, அவர் என்றைக்கோ செத்துப்போனவர். அப்பா மேல் வந்தது. எழுபது வருஷம் நெஞ்சில் வைத்துப் பூட்டிவிட்டு, மெழுகுவத்தி ஏற்றினால் சரியாகிவிடுமா? அந்தப் பையன் வருஷா வருஷம் பின்னால் நின்று திட்டும்போது அதையும் கேட்டுக்கொண்டுதானே குனிந்திருந்தார். இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அவன கோயிலுக்கு வரச் சொல்லு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்" என்றார்.

சொன்னால் அவன் எங்கள் வாசற்படியை மிதிக்கவே மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கும் தோன்றியிருக்கும். என்னைத் தவிர சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். அவர் செத்தால் பெட்டியைத் தூக்கப்போகிறவனும் அவன்தான்.

மறுநாள் காலை பட்டறை கிரீஸ் கையோடு பைக்கில் வந்தான். பங்கு அலுவலக வாசலில் அப்பா அவனை பெஞ்சில் உட்காரவைத்தார். தான் நின்றுகொண்டே, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "வூட்ல பாதி உன்னுதுடா" என்றார். அவன் அவரைப் பார்க்கவேயில்லை. கைவிரல் கிரீஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கொள்ளுத் தாத்தாவுக்குத் தெரியுமா பெரியப்பா?"

"தெரியாது."

"எங்க தாத்தாவுக்கு?"

"தெரியாதுப்பா."

உள்ளே கணக்கர் படிவத்தோடு காத்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்தேன். அவன் எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

"நீ போடாதக்கா. திட்டினது நானு. நான் போடறேன்."

கணக்கர் சுட்டிக்காட்டிய இடத்தில் பெயரை எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். கல்லைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும், எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "வேணாம்" என்று ஒரே வார்த்தை. பிறகு வெளியே போய் பைக்கை எடுத்தான். அப்பா பின்னாலேயே போனார். அவரால் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

"வூட்டுக்கு வாடா. சாப்ட்டுட்டுப் போலாம்."

"இன்னிக்கு வேணாம் பெரியப்பா" என்றான். "மொதல்ல எங்கம்மா கிட்ட போயி சொல்லணும். அது இன்னும் அந்தாளத் திட்டிக்கிட்டு இருக்குது."