சரோஜா டீச்சர் மீது நான் எழுதிய மனு

செவ்வாய்க்கிழமை காலை பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். தபால்காரர் ஏழுமலை வந்து சொன்னார்: "சார், நம்ம பால்வாடி சரோஜா டீச்சர் தவறிட்டாங்களாம். பழவேற்காட்டாண்ட இன்னிக்கி எடுக்குறாங்க." கும்மிடிப்பூண்டி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, எந்த முகத்தோடு போவது என்று தயங்கியபடியே பஸ் ஏறினேன்.

டீச்சரை அறிந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கி நடக்கவிட்டவர் அவர். என் மகள் மல்லிகாவுக்கு அப்போது நான்கு வயது. மாதச் சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளை என்ற மிதப்பில் அவளுக்குக் காலையில் பிஸ்கட், மாலையில் பன். பால்வாடிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். வாசலில் டீச்சர் சிரிப்பார்: "கொயந்த நடக்க ரெடியாத்தான் கீது சார். நீங்கதான் இன்னும் ரெடியாவல."

ஒரு நாள் பிள்ளைகளை வரப்பு வழியே நடத்திக் கூட்டிப்போய் வந்து, கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரையும் கொடுத்தார். மல்லிகா சிராய்த்த முழங்காலோடு வந்து, "நாளைக்கும் அடை வேணும்பா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூழ் குடித்து வளர்ந்தவன் நான். என் மகளுமா கேழ்வரகு தின்பது? மற்றவர்கள் முணுமுணுத்ததோடு சரி. "பெற்றோரைக் கேளாமல் பிள்ளைகளை வெயிலில் அலைக்கழிக்கிறார்" என்று மனு எழுதியது நான். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அந்த மாதமே அவரைப் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துக்கு மாற்றினார்கள். மல்லிகாவுக்கு இப்போது பத்து வயது. ஸ்டேஷன் படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

குப்பத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "வந்த மொத நாளே ஊடு ஊடா வந்து எங்களக் கேட்டாங்க சார். 'பொன்னேரியில பெத்தவங்களக் கேக்காம செஞ்சிட்டேன், எம்மேலதான் தப்பு'ன்னு சொல்லிக்கினே இருப்பாங்க."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

ஊர்ப் பெற்றோர் சார்பில் பேசுகிறவன் அப்போது நான்தான். அந்த வரப்பு நடைக்கு முன்பே டீச்சர் இரண்டு முறை என் வீடு தேடி வந்தார். "பெத்தவங்கள ஒருநாள் கூட்டிக் குடுங்க சார், அவங்களக் கேட்டுட்டு செய்யறேன்" என்றார். மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்று இரண்டு முறையும் சொல்லி அனுப்பினேன். ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

டீச்சரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த இரண்டு வருகைகள். மனுவில் அவற்றை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.