என்ன முறை வேணும்

சீனச் சண்டை ஓய்ந்த மறு மாதம் என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், நானும் அவரும் மாமியாரும் ஒரே அறையில் இருந்தோம். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார். வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது.

ஆள் எடுத்த இடத்தில், கல்யாணமானவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறான். அது வெறும் வதந்தி. ஆனால் இவர் பயந்துபோய், கல்யாணம் ஆகவில்லை என்று எழுத வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் என்னிடம் சொன்னார்.

"அப்ப நான் யாரு?" என்றேன்.

"ட்ரெயினிங் முடியட்டும், மாத்திக்கலாம். இப்ப தெரிஞ்சா வெளிய தள்ளிடுவாங்க. நீ வாய தொறக்காத."

தூர தேசத்துக்குப் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பயிற்சி நடந்ததோ ஏரிக்கு அந்தப் பக்கம். காலையில் அங்கே ஊதும் பிகில் எங்கள் அறைக்குள் கேட்கும்.

கடிதங்கள் மாமியார் பெயருக்கு வந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்துக் காட்டுவேன். என் பேச்சே அவற்றில் இருக்காது. யாராவது பிரித்துப் பார்ப்பார்கள் என்று என் கணவருக்குப் பயம். "வீட்டில் எல்லோரும் சுகமா" என்று வரும் இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி, பிறகு படிப்பேன்.

அவர் போன மறு மாதமே எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. இதை எப்படி அவருக்குச் சொல்வது? மாமியார் யோசித்துச் சொன்னபடி, "உன் தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள்" என்று எழுதினேன். அவருக்குத் தங்கையே கிடையாது. பதிலில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. புரிந்ததா இல்லையா என்று தெரியாமல் மூன்று மாதம் போனது.

ஒருநாள் காலை பால் வாங்கப் போனபோது ஏரிக்கரை ரோட்டில் புதுப் பட்டாளத்துக்காரர்கள் நான்கு நான்கு பேராக ஓடி வந்தார்கள். ஒட்ட வெட்டிய தலைகள், வெள்ளை பனியன்கள். ஓரத்தில் அவர் இருந்தார். கை நீட்டினால் தொடும் தூரம். அவர் பார்வை என் வயிற்றில் விழுந்து, உடனே முன்னால் ஓடியவனின் பிடரிக்குப் போய்விட்டது. நான் பால் சொம்போடு அப்படியே நின்றேன்.

அதே வாரம் பக்கத்துச் சந்தில் ஒரு பெண்ணுக்குத் தந்தி வந்தது. மலைப் பாதையில் பட்டாளத்து லாரி உருண்டு அவள் கணவர் இறந்திருந்தார். பட்டாளத்து ஆள் ஒருவர் வந்து, அவள் பெயரைக் கேட்டு, காகிதத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினார். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

அதுவரை வீட்டாரைப் பார்க்க விடவில்லை; அந்த வாரத்திலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டார்கள். மாமியார் மட்டும் போவதாக இருந்தது. அந்த ஞாயிறு நானும் கிளம்பினேன்.

"தங்கச்சின்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கேட்டில் நோட்டுடன் உட்கார்ந்திருந்த ஹவில்தார் தமிழர். மாமியார் பெயரை எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்ன முறைம்மா வேணும்?"

தங்கை என்று சொன்னால் அந்த நோட்டிலும் அதுவே ஏறிவிடும்.

"சம்சாரம்" என்றேன்.

மாமியார் என் முழங்கையை இறுகப் பிடித்தார். ஹவில்தார் நோட்டை மூடிவிட்டு எழுந்து உள்ளே போனார். வெயிலில் வெகுநேரம் நின்றோம். பிறகு ஒரு சுபேதார் என் கணவரை முன்னால் நடக்கவிட்டு வந்தார்.

"இது யாரு?"

அவர் விறைத்து நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. இல்லை என்று சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"என் சம்சாரம், சாப்."

"ஏன் பொய் சொன்ன?"

"வேல வேணும், சாப்."

சுபேதார் அவரை உள்ளே போகச் சொன்னார். என்னிடம், "கல்யாணம் நடந்த கோயில்ல எழுதி வாங்கிட்டு வாம்மா. மத்தத பெரியவங்க முடிவு பண்ணுவாங்க" என்றார்.

"என் புள்ள பொழப்புல மண்ண போட்டுட்ட" என்ற மாமியார், பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மறுநாளே கோயில் காகிதத்தைக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கடிதமும் வரவில்லை, ஞாயிறு பார்க்கவும் விடவில்லை. தினமும் காலையில் ஏரிக்கரையில் போய் நின்றேன். எல்லோரும் ஓடிப் போன பிறகு, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் மட்டும் தண்டனையாகத் தனியே ஓடி வருவார். இன்னும் வெளியே தள்ளவில்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான்காவது வாரம் காகிதங்களில் என் பெயரை ஏற்றிவிட்டதாகத் தகவல் வந்தது.

மகள் பிறந்து ஐந்தாவது வாரம் அவருடைய பயிற்சி முடிந்தது. லீவில் வந்தவர் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. நானாகத்தான் கேட்டேன்.

"என்மேல கோவமா?"

குழந்தையின் கால் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போய்ட்ட. ஓடுனது நான்தானே."

கோபமா, கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. மறு மாதம் அஸ்ஸாமுக்கு ரயிலேறினார்.