நான் பச்சை என்று எழுதினேன்

நடந்தவை இவை.

1. பார்க்காத நிறத்தைப் பார்த்ததாகப் பொய் சொன்னேன்.
2. அதை நம்பி ஒருவர் பதினொரு உடுப்புகள் தைத்தார்.
3. நான்கு நாள் படப்பிடிப்பு வீணானது.
4. பழி அவர்மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை!

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது நியாயமே... ஆனால் முழுவதையும் கேளுங்கள்.

எல்லோரும் பார்த்த அந்த விண்கப்பல் தொலைக்காட்சித் தொடரைத் திரைப்படமாக்க, கொழும்பிலிருந்து ஒரு குழு திருகோணமலைக்கு வந்தது. துறைமுகத்துப் பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றின், அந்தப் பெரிய இரும்புத் தொட்டியின், உட்புறம்தான் படத்தில் விண்கப்பல். கொழும்பில் கட்டட வரைபடம் வரையும் படவரைஞர் பயிற்சி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என்னை அரங்க உதவியாளராகச் சேர்த்தார்கள். இயக்குநர் தொடரின் உரிமையை வாங்கியிருந்தாரே தவிர, அதை ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. நானோ ஒரு பகுதியையும் தவறவிடாதவள். கருவிப் பலகையின் ஒவ்வொரு விசையையும் கொப்பியில் வரைந்து வைத்திருந்தவள்.

"பிள்ளை, கலர் டீவியிலதானே பார்த்தனீர்?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஓம் சேர்."

பயிற்சிக் காலத்தில் கொழும்பு விடுதியில் நாங்கள் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி!

அரங்கப் பொருட்களுக்கும் உடைகளுக்கும் நான் தயாரித்த பட்டியலில் 'நிறம்' என்று ஒரு நிரல் இருந்தது. அதை வெறுமையாக விட என்னால் முடியவில்லை. மாலுமிகளின் மேலங்கி திரையில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பச்சை என்று எழுதினேன். ஏன் பச்சை? இன்றுவரை தெரியவில்லை...

அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று அழைத்த மூதூர்த் தையற்காரர் ஹனிபா அந்தத் தாளைப் பார்த்துத் தைத்தார். படத்தின் தொடக்கத்தில் 'உடை' என்று தன் பெயர் வரும் என்பதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். "பேர் போடக்குள்ள கண் சிமிட்டப்படாது எண்டு பொஞ்சாதிக்கும் சொல்லியிருக்கன்" என்று சிரிப்பார்.

படப்பிடிப்பின் ஐந்தாம் நாள், கப்பல் தலைவனாக நடிப்பவர் வந்தார். தொடரிலும் அவரே தலைவன். தாங்கிக்குள் நுழைந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னப்பா, எல்லாரும் பச்சைக்கிளி மாதிரி நிக்கிறீங்கள்? எங்கட உடுப்பு நீலமல்லோ!"

இயக்குநர் தையற்காரரிடம் திரும்பினார். "ஆர் காணும் பச்சையில தைக்கச் சொன்னது?"

என் தாள் ஹனிபா நானாவின் சட்டைப் பையில் இருந்தது. நுனி வெளியே தெரிந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் சேர். நீலத் துணி கிடைக்கல்ல. ஆருக்குத் தெரியப்போகுது எண்டு நினைச்சிட்டன்."

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். இறங்குதுறையில் மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக நின்றவரிடம் ஓடிப்போய் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"பேசாம இரிங்க தங்கச்சி. சொன்னா, பொம்புளப் புள்ளைய வேலைக்கு எடுத்ததே பிழையெண்டு கதைப்பானுகள். எனக்கு ஊரில மெசின் கிடக்குது."

நான் மறுத்திருக்கலாம்... அவர் சொன்னதைக் கேட்பது எனக்கு வசதியாக இருந்தது!

அந்தப் படத்தின் அரங்கைப் பார்த்துத்தான் எனக்கு இன்றைய படவரைஞர் வேலையைத் தந்தார்கள். வரைபலகையின் முன் உட்காரும் ஒவ்வொரு காலையும் அந்த மனிதருக்கு நன்றி சொல்கிறேன். கூடப் பிறந்தவனே எனக்காக இப்படி நின்றிருப்பானா? நன்றி உண்மையானது. ஆனால் மனத்துக்குள் சொல்லும் நன்றி யாருக்குக் கேட்கும்?

எல்லாவற்றையும் நீலத்தில் தைத்து மறுபடி எடுத்தார்கள். படம் திருகோணமலைத் திரையரங்குக்கு வந்தபோது என் பெயரைத் திரையில் பார்த்தேன். 'உடை' என்பதற்கு நேரே வேறொருவர் பெயர். மூன்றாவது வரிசையில் ஹனிபா நானா, மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

நான் வேலையில் இருக்கிறேன். அவர் மூதூரில் தைக்கிறார். துணியில் ஏமாற்றியவர் என்றே படக்குழுவினர் அவரை நினைத்திருக்கிறார்கள். இயக்குநரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.