பாஸில் இருந்த பெயர்

கும்மிடிப்பூண்டியில் பேருந்து பழுதாகி நிற்கிறது. வெயிலுக்கு ஒதுங்கி, கைக்குழந்தையுடன் எதிரிலிருக்கும் கிளை நூலகத்துக்குள் நுழைகிறேன். குழந்தை அழுதால் வெளியே போகச் சொல்வார்களோ என்று பயம். நூலகர் அம்மா மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைக்கிறார்.

பக்கத்தில் ஒரு பெண் பழைய நாளிதழ் ஒன்றை என்னிடம் நகர்த்துகிறாள். "எனக்குப் படிக்க வராதும்மா. எங்க ஊட்டுக்காரரு பேரு போட்டுக்குதா பாரு. ஏழுமலை."

தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து ஒருவர் பலி என்கிறது செய்தி.

"ராகேஷ்னு போட்டிருக்கு அக்கா. பீகார்க்காரராம்."

"அந்தப் பையன் ஊருக்குப் போய்க்கீறான். அவன் கேட் பாஸ்லதான் இவரு அன்னிக்கு உள்ள போனாரு. ஏழுமலைன்னு ஆளே வேல செய்லன்றாங்க கம்பெனில. அப்ப நான் பொதைச்சது யாரம்மா?"

நான்தான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் படிக்கிறேன். ராகேஷ்தான்.

"நீயே அவரு பேர எழுதிக் குடேன். ஜெராக்ஸ் எடுத்துக்கினு போறேன். கவுருமெண்டு சீல் குத்துன பேப்பரு, நம்புவாங்க."

தாளின் மூலையில் இருப்பது நூலக முத்திரை. அதில் எழுதக் கூடாது, எழுதினாலும் செல்லாது. நூலகரைப் பார்க்கிறேன். அவர் மேசைமேல் ஒரு பேனாவை வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ராகேஷ் என்பதற்கு மேலே ஏழுமலை என்று எழுதுகிறேன்.

"இனிஷியலும் போடும்மா, கே," என்கிறாள். "இந்தப் பேர்ல நெறைய பேரு கீறாங்க."