கமாண்டர் வரைந்த என் அப்பா

நேற்றுக் காலை களத்தில் பூண்டு உலர்த்திக்கொண்டிருந்தபோது கமாண்டர் சுந்தரராஜ் சாரின் மகள் போனில் அழைத்தார். "அப்பா போயிட்டாங்கண்ணே. வேலு அங்கிள்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க." வேலு அங்கிள் என்பது என் அப்பா. சொன்னேன். கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு, "வண்டிய எடு, வெரசாப் போயிருவோம்" என்றார்.

கமாண்டரை ஏரிக்கரையில் உட்கார்ந்து படம் வரையும் பெரியவராகக் கோடைக்கானலில் பலரும் அறிவீர்கள். எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது அவர் கடற்படையில் இளம் அதிகாரி. மேல்மலையில் கவுஞ்சி கிராமத்துக்காரரான என் அப்பா அதே கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தார். ஓய்வுபெற்று இங்கே குடிவந்த கமாண்டர், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு விற்றுக்கொண்டிருந்த அப்பாவை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொண்டார். அதன்பின் வாரம் தவறாமல் அப்பாவைப் பார்க்கச் சந்தைக்கு வருவார். ஆனால் இருவரும் போரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டிலும் அப்பா வாய் திறந்ததில்லை. ஊரில் அவருக்குப் பட்டாளத்துக்காரர் என்று தனி மரியாதை உண்டு.

சில வருடங்களுக்கு முன் கமாண்டர் ஜீப்பில் எங்கள் வீட்டுக்கே வந்தார். போர் நாட்களில் கப்பலில் வரைந்த படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போவதாகச் சொல்லி, ஒரு படத்தை அப்பாவின் முன் வைத்தார். பழுப்பேறிய தாளில் பென்சில் கோடுகள். இரும்பு ஏணியின் அடியில் ஓர் இளைஞன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுகிறான். என் அப்பா.

"உன்னைக் கேக்காமலே வரைஞ்சுட்டேன் வேலு. வேண்டாம்னா சொல்லு, இப்பவே கிழிச்சிடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "கிழிச்சிருங்க சார்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். அப்பா என்னைக் கையமர்த்தினார்.

"நீங்கள்லாம் தைரியமா நின்னீங்க சார். நான் ஒருத்தந்தான் இப்பிடிக் கெடந்தேன்."

கமாண்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கோடுகளைப் பாரு. ஒண்ணாவது நேரா இருக்கா? என் கையே நிக்கலை. என்ன செய்யறதுன்னு தெரியாமத்தான் பென்சிலை எடுத்தேன்."

அப்பா அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எம் பேரைப் போட்டே மாட்டுங்க சார்."

கண்காட்சிக்கு ஊரிலிருந்து வேன் பிடித்துப் போனோம். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "ஏலே வேலு, சின்னப் பயலாவுல்ல இருந்திருக்க" என்று அப்பாவின் தோளில் கை போட்டார். கமாண்டர் அருகில் வந்து, "அன்னிக்குக் கப்பலை ஓட்டுனது எல்லாமே பயந்த பசங்கதாங்க" என்றார்.

திரும்பும்போது அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முறையாக அந்தப் போரைச் சொல்லத் தொடங்கினார். இன்ஜின் சூட்டை, கூட இருந்தவர்களின் பெயர்களை, அலாரம் அடித்தபோது தன் ஆத்தாளின் முகம் நினைவுக்கு வராமல் தவித்ததை. பூம்பாறை கடந்து, மன்னவனூர் கடந்து, வீட்டு வாசலில் இறங்கியும் பேச்சு நிற்கவில்லை.

கமாண்டர் சார், நல்லவேளையாக அன்று நீங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. நாற்பது வயதுக்குமேல் எனக்குப் பேசக் கிடைத்தாரே ஓர் அப்பா, அவரை நீங்கள்தான் எனக்குக் கொடுத்தீர்கள்.