பழைய வள்ளத்துக்காரர்

பாய்மர வள்ளம் புதிதாக வாங்குவதா, பழையதா என்று தெரியாமல் கரையெல்லாம் அலைந்து ஓய்ந்த ஒரு மதியம், வாலிநோக்கத்தில் அவரைப் பார்த்தேன். வெயிலில் வற்றிய உடம்பு. பேசும்போதெல்லாம் மாட்டைத் தடவுவதுபோல் தன் வள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் கேட்காமலே குறைகளைக் காட்டினார்.

"இங்கன தண்ணி கசியும் தம்பி. அங்கன பலகை உளுத்துருச்சு. நீங்க புதுசே வாங்கிக்கங்க."

"பெறகு ஏண்ணே விக்கிறீக?"

"இருமல் நிக்கல. வித்துட்டுச் சும்மா கெடன்னு வீட்ல ஒரே சண்டை. அதான் வாறவுகளுக்குக் காட்டுறேன்."

அவர் நேர்மையை மெச்சி, கடன்பட்டுப் புதிதே வாங்கினேன். அடுத்த மாதம் நடுக்கடலில் அந்தப் பழைய வள்ளம் என்னை முந்திப் போனது. இருமலுக்கு நடுவே அவர் கையசைத்தார். கண்ணுக்கு எட்டியவரை பார்த்துக்கொண்டிருந்தேன்; ஒருதரம்கூட அவர் குனிந்து தண்ணீர் இறைக்கவில்லை.