வாசனை தெரிகிறதா?

"நல்லா இருக்கேன்க்கா. ஒரு குறையும் இல்ல."

இந்த ஊரடங்கில், பெண்களுக்கான உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை சிட்லபாக்கத்து வீட்டிலிருந்தே கவனிக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நன்றாக இருப்பவர் எங்களிடம் எதற்குப் பேசப் போகிறார்?

போன செவ்வாய்க்கிழமை அப்படிச் சொன்னவர் குரோம்பேட்டைப் பெண். மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள்தான் அழுதிருந்தார் – கணவன் அடிக்கிறான், வாசலைத் தாண்ட விடுவதில்லை, எப்படியாவது வெளியே கூட்டிப் போங்கள் என்று. அவர் சொன்ன நேரத்துக்கு நான் அழைத்தால், குறையே இல்லையாம். தவிர, என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது. ஸ்பீக்கர் போட்டிருக்கிறது... பக்கத்தில் கணவன்.

இதற்கென்றே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டென்று காய்ச்சல் சர்வேக்கு மாறிவிடுவோம். தெருத்தெருவாக அதைத்தானே கேட்கிறார்கள்?

"காய்ச்சல் விசாரிக்கத்தாம்மா கூப்பிட்டேன். வீட்ல யாருக்காவது இருமல், சளி?"

ஆண் குரல் குறுக்கிட்டது. "காலைலதான் ஒரு அம்மா வந்து கேட்டுக்கினு போச்சு. நீ யாரு புதுசா?"

சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமா என்ன?

"நேர்ல கேட்டாலும் போன்ல ஒரு தடவை கேட்போம் சார். வாசனை தெரியுதா?"

"கருவாட்டுக் குழம்பு கொதிக்குது. பக்கத்து வூட்டுக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா?"

"அவங்களுக்கு?"

மல்லிகா சொன்னார்: "எனக்கு நேத்துலேர்ந்து ஒண்ணும் தெரியலக்கா."

நான் எதிர்பார்க்கவே இல்லை. கணவரும்தான்.

"இன்னாடி சொல்ற? அப்பால தள்ளி நில்லு. மேடம், இவள எங்க அனுப்பணும்?"

வாசலைத் தாண்ட விடாதவர் கேட்கிறார்!

"தெருமுனைல காய்ச்சல் முகாம் நடக்குது. தனியா வரட்டும் சார். நீங்க கூட வந்தா உங்களுக்கும் ஒட்டிக்கும்."

மல்லிகா தனியாகத்தான் வந்தார். என்னோடு வேலை செய்யும் சுமதி முகாம் வாசலில் ஆட்டோவுடன் காத்திருந்து, நேராக எங்கள் பாதுகாப்பு விடுதிக்கு அழைத்துப் போனாள்.

சாயங்காலம், என் எண்ணைக் குறித்துவைத்திருந்த அவருடைய கணவர் என்னை அழைத்தார். குரலில் அப்படி ஒரு பணிவு.

"மேடம், தொண்டை கரகரன்னு கீது. நானும் டெஸ்ட் எடுக்கணுமா? அவ இன்னும் வூட்டுக்கு வரல, வேணா உங்களாண்டயே இருக்கட்டும். சும்மாதான் கேக்குறேன்... இப்ப எந்த இடத்துல கீறா?"

பயமா, வேவா? உட்கார்ந்து யோசிக்கவில்லை. சுமதியைக் கூப்பிட்டு, இருக்குமிடம் தெரிந்துவிடாமல் மல்லிகாவின் செல்போனை உடனே அணைக்கச் சொன்னேன்.